பதினோரு முழ நரம்பு

கையால் ஒரு டென்னிஸ் மட்டைக்கு நரம்பு பின்ன எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு துரையின் முன்னால் நிறுத்தி என்னிடம் இதைக் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். அந்தப் பதில் சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் படித்தவள். டீச்சர் டிரெயினிங் முடித்து, கல்யாணம் ஆகும்வரை மூன்று வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு கணக்கு எனக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளில் பலர் என் வயதுக்காரர்களாக, என்னைப் போலவே பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்திருப்பவர்களாக இருப்பீர்கள். உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு டேனரியில் மேஸ்திரி. ஆட்டுத்தோல் சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்ததும், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீருக்குப் போவதற்கு முன்னால், தவிடு கரைத்துப் புளிக்க வைத்த தொட்டியில் கிடந்து ஊற வேண்டும். அந்தத் தவிட்டுத் தொட்டிதான் அப்பாவின் பொறுப்பு. தவிடு நுரைத்துப் பொங்கும்போது தோல்கள் தாமாகவே மேலே மிதந்து வரும். கம்பால் அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். மறுபடி வரும். மூன்றாம் தடவை வந்ததும் அப்பா ஒரு தோலை இழுத்து மடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் தோல் பக்குவம். "எடுங்கடா" என்பார். அவர் விரல் வைக்காமல் யாரும் ஒரு தோலைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள். டேனரியின் வழக்கம் அது.

அப்பா வீட்டுக்கு வரும்போது அவரோடு சேர்ந்து புளித்த தவிடும் ஆவாரம்பட்டையும் கலந்த ஒரு வாடை வரும். அந்த வாடை இல்லாத அப்பாவை எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவேன். போர்டிங் பள்ளிக்கூடம் போன பிறகுதான் 'அப்பா' ஆனார்.

மட்டை வேலை அவருக்கு எப்படி வந்தது என்றால், டேனரியை நிர்வாகம் செய்த துரையின் பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் ஆடும் களம் ஒன்று இருந்தது. நரம்பு அறுந்தால் மட்டையை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வரப் பதினைந்து நாளாகும். ஒருநாள் அப்பா, "நான் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டு ஒன்றை வாங்கி வந்தார். தோலையும் வாரையும் இழுத்துப் பழகிய கை. ஒன்றிரண்டு மட்டையைக் கெடுத்த பிறகு படிந்துவிட்டது. அதிலிருந்து பங்களா மட்டைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன.

நரம்பு என்பது ஆட்டுக்குடல். அதைக் கழுவி, சுரண்டி, முறுக்கி, உலர்த்திக் கொடுப்பவர் ஆற்றங்கரைப் பக்கம் குடியிருந்த ஒரு பாய். நரம்புக்கார பாய் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு அவரைப் போல ஒரு தோஸ்த் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அப்பா நேரே அவர் கொட்டகைக்குத்தான் போவார். ரம்ஜானுக்கு அங்கேயிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கேயிருந்து அங்கே போகும்.

ஒரு மட்டைக்கு இரண்டு சுருள் நரம்பு. நெடுக்கே ஓட்டப் பதிமூன்று முழம், குறுக்கே ஓட்டப் பதினோரு முழம். பாய் தன் கையால் அளந்து சுருட்டிக் கொடுப்பார். அதை அப்பா திருப்பி அளந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா மேஸ்திரி, எண்ணிக்க மாட்டியா?"

"உன் கை இன்னா, நேத்து முளைச்சதா? குடு பாய்."

சுருள்களை வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைப்பார். வெளிச்சத்தில் தேன் நிறமாக இருக்கும். மோந்து பார்த்தால் ஒன்றும் வீசாது. நாக்கில் வைத்தால் மட்டும் லேசாக உப்பு. (வைத்துப் பார்த்திருக்கிறேன்.)

அடுத்த ஆணியில் என் சிலேட்டு தொங்கும்.

அந்த ஐப்பசியில் என் சிலேட்டின் மரச்சட்டம் ஒரு மூலையில் விட்டுப்போயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரம்மா வெள்ளிக்கிழமை தோறும் சிலேட்டு பார்ப்பார்கள். சட்டம் ஆடினால், எழுத்து அழுக்காக இருந்தால், வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். நான் ஒருநாளும் நின்றதில்லை. அதற்கு முந்தின மாதம்தான் துரைசானி அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கணக்கில் முதலாக வந்ததற்காகவும் "பொய் பேசாத பிள்ளை" என்று டீச்சரம்மா சொன்னதற்காகவும் எனக்கு ஒரு படப்புத்தகம் கொடுத்திருந்தார்கள்.

முதலில் நூலால் கட்டிப் பார்த்தேன். சிலேட்டை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க நூல் தளர்ந்தது. நரம்பு அப்படியல்ல. நனைத்துக் கட்டினால் காயும்போது இறுகும். அப்பா பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும். வியாழக்கிழமை மாலை, அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, ஆணியிலிருந்த சின்னச் சுருளின் நுனியைப் பிரித்து அரிவாள்மனையில் வைத்து ஒரு முழம் அறுத்தேன். என் முழத்துக்கு ஒரு முழம். இத்தனை சுற்று இருக்கிறதே, இதில் ஒரு முழம் என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். மூலையில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். மறுநாள் டீச்சரம்மா சட்டத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சமர்த்து" என்றார்கள்.

சனிக்கிழமை காலை துரை மட்டையைக் கொடுத்தனுப்பினார். அன்று மாலை வேலூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், நான்கு மணிக்குள் மட்டை வேண்டும் என்று ஹெட் குமாஸ்தா சொன்னாராம். தொட்டியில் தோல் கிடக்கிறது, வானமும் மூடிக்கொண்டு வருகிறது என்று அப்பா சொல்லிப் பார்த்திருக்கிறார். இடி மழைக்கு முன்னால் வருகிற புழுக்கத்தில் தவிடு தாறுமாறாகப் பொங்கும்; நேரத்தில் எடுக்காவிட்டால் தோல் வீணாகிவிடும். அதற்குக் குமாஸ்தா, "ரெண்டு மணி நேர வேலைன்னு துரையே சொல்றாரு. இப்பவே ஒக்காந்தா பன்னெண்டுக்கு முடிஞ்சிடும், போய்யா" என்றாராம்.

பள்ளிக்கூடத்துக் காவல்காரர் மணிக்கு மணி தண்டவாளத் துண்டில் அடிப்பார். அது எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். பத்து அடிக்கும்போது அப்பா தரையில் உட்கார்ந்து, மட்டையின் காம்பை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு முதல் நரம்பைக் கோத்தார். துளையில் நுழைத்து, ஒரு கட்டையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். போதும் என்று தோன்றியதும் துளையில் குத்தூசியை அடித்து நரம்பை நிறுத்திவிட்டு அடுத்த துளைக்குப் போவார். நடுநடுவே நகத்தால் தட்டிக் காது கொடுப்பார். குத்தூசியை எடுத்துக் கொடுப்பது நான்.

நெடுக்கு நரம்பு முடியும்போது பதினொன்று அடித்துக் கால் மணி ஆகியிருக்கும். உடனே குறுக்கே ஓட்டக்கூடாது. இழுத்த நரம்பு அசந்து உட்கார ஒரு முக்கால் மணி விட வேண்டும். அந்த நேரத்தில் அப்பா டேனரிக்கு ஓடினார். திரும்பி வந்து, "மொத தடவ மெதந்துச்சு. தள்ளிட்டு வந்துட்டேன். ரெண்டு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். பன்னிரண்டு அடித்தது. சின்னச் சுருளை ஆணியிலிருந்து எடுத்தார்.

ஒரு நரம்புக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே, மேலே, கீழே. கட்டிலுக்குக் கயிறு ஓட்டுவது போலத்தான், ஆனால் விரல் நுழைய இடமில்லாத கட்டில். எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. சுருள் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது எழுதினால் அது உண்மையா என்று சந்தேகமாக இருக்கிறது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே. இல்லை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேனோ என்னவோ.

ஒரு மணி அடித்தபோது கடைசி வரிசை மட்டும் பாக்கி. நரம்பு பாதி மட்டையில் முடிந்துபோயிற்று.

அப்பா கையிலிருந்த நுனியையே பார்த்தார். இழுத்தால் நீளும் என்பது போல ஒருதரம் இழுத்துக்கூடப் பார்த்தார். ஒட்டுப் போட முடியாது. முன்பு ஒருமுறை முடிச்சுப் போட்ட மட்டையைத் துரை திருப்பி அனுப்பியிருந்தார். ஓட்டின குறுக்கு நரம்பையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக ஓட்ட வேண்டும்.

"கம்மியாக் குடுத்துட்டானா?" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு, "பாப்பா, ஓடு. பாயைக் கேட்டுப் பதினோரு முழம் வாங்கிட்டு வா" என்றார்.

ஓடினேன். பாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"கம்மியா? என் கையிலயா?"

தாமே ஒரு பெரிய சுருளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். எங்கள் வாசலில் நின்று அப்பாவின் கண் முன்னால் முழம் போட்டு அளந்தார். ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினார்.

"பதினொன்னு. நல்லாப் பாத்துக்கினியா மேஸ்திரி? அன்னிக்கும் இதே கைதான்."

"அன்னிக்கு நான் பாக்கலையே பாய்."

பாய் மிச்ச நரம்பைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டார். அவர் பார்வை அப்பாவின் தலைக்கு மேலே ஆணிப் பக்கம் போனது. அங்கே சுருள் இல்லை. சிலேட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா மறுபடி உட்கார்ந்தார். ஈரக்காற்றில் நரம்பு வழுக்கியது. இடி இடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் தலை டேனரிப் பக்கம் திரும்பியது. "போய் எடுக்கச் சொல்லிட்டு வந்துடுங்களேன்" என்று அம்மா சொன்னாள். "நான் வெரல் வைக்காம எவன் எடுப்பான்? இது ஆவட்டும்" என்றார். மூன்று அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மட்டையைப் பங்களாவில் கொடுத்துவிட்டு டேனரிக்கு ஓடினார்.

அன்று டேனரியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டதும் தோல் கூழாக விரலோடு வந்தது என்று பிற்பாடு அம்மா யாரிடமோ சொல்லக் கேட்டேன். ஒரு தொட்டித் தோல் முழுவதும் போயிற்று.

திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெட் குமாஸ்தா. அப்பா தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாயும் நின்றார். நரம்பு கம்மியாக இருந்ததால்தான் நேரமாயிற்று என்று அப்பா சொல்லியிருக்கிறார். பூரா பதினோரு முழம் கொடுத்தேன் என்று பாய் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய வேலையை வைத்துக்கொண்டு இவன் எங்கேயோ படுத்துத் தூங்கியிருக்கிறான் என்பது துரையின் எண்ணம். பொய் பேசாத பிள்ளை ஒன்று இருக்கிறதே, அதைக் கேளுங்கள் என்று துரைசானி சொன்னார்களாம்.

குமாஸ்தா குனிந்து என் உயரத்துக்கு வந்தார். நல்ல மனுஷர்தான்.

"பாப்பா, நீ கணக்குல கெட்டிக்காரியாமே. மணி பாக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஒரு மட்டைக்கு நரம்பு பின்ன ஒங்க நைனாவுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

பள்ளிக்கூடத்துக் கணக்கில், ஒருவன் ஒரு வேலையை இத்தனை மணியில் செய்தால் என்று வரும். அந்த மணியில் ஓய்வு வராது, காத்திருப்பது வராது, உருவிவிட்டுத் திரும்பச் செய்வது வராது. நெடுக்கு ஒன்றேகால் மணி. குறுக்கு ஏறத்தாழ ஒரு மணி. கூட்டினால் இரண்டேகால். ஐந்து மணி என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, ஏன் ஐந்து என்று வந்திருக்கும்.

"ரெண்டு மணி நேரம் சார்."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான், என்னை அனுப்பிவிட்டார்கள். கையில் பெப்பர்மிண்ட் ஒன்று கொடுத்தார்கள்.

நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேனா, பயந்து சொன்னேனா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததா? என் மகளுக்கு இப்போது ஏழு வயது. "யார் இதை உடைச்சது?" என்று அவளைக் கேட்கும்போதெல்லாம் பதில் வருவதற்கு முன்னால் அவள் முகம் ஒரு நொடி வெறுமையாக இருக்கிறது. அந்த நொடியை எனக்குத் தெரியும். சில நாள் கேட்காமலே விட்டுவிடுகிறேன். அதுவும் சரியில்லை என்று தெரிகிறது.

அப்பாவுக்கு வேலை போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டில் அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பாப்பா மேல ஒன்னும் இல்ல. கை வேல ரெண்டு மணிதான், அது உள்ளதைச் சொல்லிச்சு. இந்தப் பாய்தான்... ஒரு முழம் கம்மி ஆய்டுச்சு தோஸ்த்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? துரை முன்னால நின்னு பூரா குடுத்தேங்கிறான்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு ஆணியிலிருந்து சிலேட்டை எடுத்தேன். மூலையில் நரம்பு இல்லை. வெள்ளை நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அடுப்பிலிருந்து தலைமயிர் தீய்ந்தது போல ஒரு வாடை. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நூல் போதும். தளந்தா சொல்லு, கட்டித் தர்றேன்" என்றாள். அவள் சாகும்வரை இதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

அம்மா ஏன் சொல்லவில்லை? அப்போதே சொல்லியிருந்தால் அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்காது. என்னை நாலு சாத்து சாத்தியிருப்பார். பாயின் சிநேகிதம் மிஞ்சியிருக்கும். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகு, ஒரு அடி வாங்கி முடிந்திருக்க வேண்டியதை இத்தனை வருஷத்துக்கு நீட்டிவிட்டாளே என்று தோன்றுகிறது. உடனே, அவள் இடத்தில் நான் இருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்றும் தோன்றுகிறது.

அந்தப் பொய் பேசாத பிள்ளையைத் துரைசானி மறக்கவில்லை. மறுவருஷம் அவர்கள் எழுதிய கடிதத்தால்தான் வேலூரில் போர்டிங் பள்ளிக்கூடத்தில் எனக்கு இலவசமாக இடம் கிடைத்தது. என் படிப்பு அப்படி வந்தது. அப்பா அணைக்கட்டுப் பக்கம் காடு மேடு அலைந்து ஆவாரம்பட்டை உரித்து, கட்டுக் கட்டாக டேனரிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரியாகத் திரும்ப எங்கேயும் அவரைச் சேர்க்கவில்லை. மட்டை அவர் அப்புறம் தொட்டதேயில்லை. பாயின் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாராம்.

இப்போது அப்பா எங்களோடு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவுக்கு ஒரு மாதமாகக் கால் வீங்கி நடமாட்டம் இல்லை.

போன வாரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவள். நரம்புக்கார பாயின் மகள். நான் பார்க்கும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள்.

"மேஸ்திரி மாமா இருக்காரா அக்கா? அத்தாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. எழுந்து ஒக்காற முடியல. இதக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

துணி மடிப்பிலிருந்து ஒரு சுருள் நரம்பை எடுத்தாள். தேன் நிறம். அப்பா கை நீட்டவில்லை.

"இதுவும் கம்மியாத்தான் இருக்கும்."

என் மகளுக்கு வேடிக்கை. அதை வாங்கிப் பிரித்துத் தன் கையால் முழம் போட ஆரம்பித்தாள். "பதினேழு முழம் இருக்கு தாத்தா!"

"ஒன் முழத்துக்கு இருக்கும். இங்க குடுடி."

அப்பா அளந்தார். உதடு அசைந்தது. முடித்துவிட்டுத் திரும்ப ஒருதரம் அளந்தார்.

"பன்னெண்டு."

"ஒரு முழம் ஜாஸ்தி வச்சிருக்கேன், தோஸ்த்து, கணக்கு தீந்துச்சான்னு கேட்டுக்கினு வான்னாரு மாமா" என்றாள் அந்தப் பெண்.

அப்பா சுருளை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இத்தினி வருசம் கழிச்சு ஒத்துக்கினான் பாத்தியா" என்றார் என்னிடம். "அன்னிக்கு எடுத்தத இன்னிக்குத் திருப்பிக் குடுக்கிறான். போவுது, போ. மனுஷன்தானே." அந்தப் பெண்ணைப் பார்த்து, "கால் வீக்கம் வடியட்டும்மா. மொத பஸ்ஸப் புடிச்சி வர்றேன். நான் மன்னிச்சிட்டேன்னு நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லு" என்றார்.

அவளை வழியனுப்பத் தெரு முனைவரை போனேன். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "இன்னொன்னு அக்கா. ஒங்கள மட்டும் தனியாக் கேக்கச் சொன்னாரு. அந்தச் சிலேட்டு அப்புறம் ஆடாம இருந்துச்சான்னு. இன்னா சிலேட்டுன்னு எனக்கு ஒன்னும் புரியல" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. இருந்தது என்று சொன்னேன் போலிருக்கிறது.

ஆக, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பாய்க்கும் தெரிந்திருந்தது. துரை முன்னால் அவர் ஒரு விரலை நீட்டிச் சிலேட்டைக் காட்டியிருந்தால் போதும், ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு அவர் அதைச் செய்யவில்லை. இப்போது படுத்த படுக்கையில் இருந்துகொண்டு, தான் எடுக்காத ஒரு முழத்தைத் தானே திருப்பிக் கொடுத்திருக்கிறார். தெரியாதவர் அப்பா ஒருவர்தான்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பெரியவங்களும் எப்படியோ ஒன்னு சேரப் போறாங்க. இப்பப் போயி அதக் கெடுத்துட்டு என்ன செய்யப் போற? உன் மனசு லேசாவணும்னு அவரு தலையில பாரத்த ஏத்தாதே" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. சொன்னால் அப்பாவுக்குப் போகப் போவது என்னென்ன என்று எண்ணிப் பார்த்தேன். பொய் பேசாத மகள் போவாள். இறந்துபோன அம்மாவும் போவாள். இத்தனை வருஷம் ஒரு நல்ல மனுஷனைத் திருடன் என்று நினைத்துத் தெருவைச் சுற்றிப் போனோமே என்பது மட்டும் மிஞ்சும். சொல்லாவிட்டால் அப்பா ஆம்பூருக்குப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் பாயின் கட்டில் பக்கத்தில் நின்று, உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்வார். பாயும் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்பார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

நரம்புச் சுருளை அப்பா என் மகளின் சிலேட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டியிருக்கிறேன். அவள் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். தொடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று நேர்ந்து, நீங்கள் சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாமல் விட்டிருந்தாலும் சரி, பிறகு எப்படி இருந்தது என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். தினமும் காலையில் அப்பாவின் காலில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். போன வாரம் விழுந்த குழி வெகுநேரம் அப்படியே நின்றது. இன்று காலை விரலை எடுத்ததுமே பாதி மேலே வந்துவிட்டது; வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது. கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள்.